மாத்தளை மலையும் ஒரு மில்லிமீட்டரும்

மாத்தளை மாவட்டத்தின் இடவிளக்கப் படத்தை மேசையில் விரித்தால் முதலில் கண்ணில் படுவன சமவுயரக் கோடுகள். ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள் இவை. வடக்கே தம்புள்ளைப் பக்கம் அவை தள்ளித் தள்ளி ஓடுகின்றன. ரத்தோட்டையைத் தாண்டி நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஏறத் தொடங்கியதும் நெருங்கிவிடுகின்றன. கோடுகள் விலகினால் சமதரை, நெருங்கினால் செங்குத்து.

எவ்வளவு செங்குத்து என்பதை ஓர் அடிமட்டத்தால் கண்டுபிடிக்கலாம். 1:50,000 படத்தில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கோடுகளின் இடைவெளி 1 மில்லிமீட்டர் என்றால் சரிவு ஏறத்தாழ 22 பாகை. அரை மில்லிமீட்டர் என்றால் 39 பாகை. அடைமழை நாளில் மலையடிவாரத்தில் வாழ்பவருக்கு இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை.

மலையின் உயரத்தையும் தூரத்தையும் முதலில் எப்படி அளந்தார்கள்? காட்டுக்குள் சங்கிலி இழுத்து மலைநாடு முழுவதையும் அளக்க முடியாது. முக்கோணம்தான் கைகொடுத்தது. சமதரையில் ஓர் அடிக்கோட்டை மிகத் துல்லியமாக அளந்துகொள்வார்கள். அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்து மலையுச்சியைத் தியோடலைட் என்ற கோணமானியால் பார்த்துக் கோணங்களைக் குறிப்பார்கள். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிலேயே பெறலாம். அப்படிப் பெற்ற ஒரு பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இலங்கையில் நீர்கொழும்புப் பக்கம் ஓர் அடிக்கோடும் மட்டக்களப்புப் பக்கம் இன்னொன்றும் அளக்கப்பட்டன. ஒரு கரையில் தொடங்கிய கணக்கு மறுகரையில் நேரடியாக அளந்த நீளத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே சோதனை.

நில அளவைத் திணைக்களம் 1800 ஓகஸ்ட் 2 அன்று ஆளுநர் பிரெடெரிக் நோர்த் காலத்தில் தொடங்கப்பட்டது. கண்டி இராச்சியத்தைச் சேர்ந்த மாத்தளை, 1815 இல் அந்த இராச்சியம் வீழ்ந்த பிறகே முறையான அளவைக்கு உட்பட்டது. பேராதனையில் முதிரை மரப் பாலம் கட்டிய ஜோன் பிரேசர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய இலங்கைப் படம் 1862 இல் வெளியானது.

அந்த உழைப்பு வியக்கத்தக்கது. ஆனால் அது யாருக்காக என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலேய ஆட்சிக்குப் படைகள் செல்ல வீதி வேண்டும், கோப்பி பயிரிட நிலம் வேண்டும். உரிமையை நிரூபிக்க முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாகக் கருத 1840 ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. அந்த நிலம் அளந்து விற்கப்பட்டது. மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே கோப்பித் தோட்டங்களை உருவாக்கினார்கள். தோட்டத்து எல்லை ஏக்கர், ரூட், பேர்ச்சஸ் என்று பிளானில் ஏறியது. அவர்கள் குடியிருந்த மண்ணோ அவர்கள் பெயரில் எந்தப் பிளானிலும் ஏறவில்லை.

இன்று செய்மதி உதவியால் ஓரிடத்தின் அமைவை நிமிடங்களில் பெற்றுவிடலாம். படத்தின் வேலையும் மாறியிருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டுக்கு மண்சரிவு அபாயப் படங்களைத் தயாரிக்கிறது. பாறையின் அமைப்பு, அதன்மேல் படிந்த மண், சரிவு, நீரோட்டம், நிலப் பயன்பாடு, நிலவடிவம் ஆகிய ஆறையும் தனித்தனியாக எடைபோட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அபாய வலயங்களைப் பிரிக்கிறார்கள்.

இங்கே அளவுத்திட்டம் தீர்மானகரமானது. தோட்டத் தொழிலாளர் வாழும் 30 மீட்டர் நீளமான ஒரு லயம் 1:50,000 படத்தில் 0.6 மில்லிமீட்டர்தான், பேனா முனையளவு. 1:10,000 படத்தில் அதுவே 3 மில்லிமீட்டர். லயத்துக்குப் பின்னாலுள்ள மண்மேடு, பக்கத்து ஓடை, மேலேயுள்ள வெட்டுச்சரிவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க இந்தப் பெரிய அளவுத்திட்டம் வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்கள் மண்சரிவுக்குப் பலரைப் பறிகொடுத்தன. அபாயப் படம் அலுவலகச் சுவரில் தொங்கினால் மட்டும் யாரும் பிழைக்க மாட்டார்கள். அது தோட்டப் பாடசாலைக்கும் கோயில் மண்டபத்துக்கும் தமிழில் வர வேண்டும். சமவுயரக் கோடு வாசிக்கும் பாடத்தை ஆசிரியர்கள் பிள்ளைகளின் சொந்த ஊர்ப் படத்தில் நடத்த வேண்டும். உங்கள் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ உங்கள் பகுதியின் அபாயப் படத்தைக் கேளுங்கள். அதில் உங்கள் வீடு எந்த வலயத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த மழைக்கு முன்பே பாருங்கள்.