பதினெட்டு வயது வரை பள்ளி உண்டு

"எட்டாவது முடிச்சுட்டான். இனிமே வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கோங்கம்மா."

அறிவுசார் குறைபாட்டோடு பேச்சுத் தடையும் வலிப்பும் சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் அம்மாக்களிடம் பள்ளிகள் இப்படித்தான் கைகழுவும். கனிவாகவே சொல்வார்கள், ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அதைத் தாண்டிப் போகிறது: 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருந்தால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது பிள்ளையின் தரப்பு எடுக்க வேண்டிய முடிவு.

சேர்க்க மறுத்தால் சண்டை வேண்டாம். "காரணத்தை எழுதிக் கொடுங்க சார்" என்று கேளுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலை இணைத்து மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கும் அசையவில்லை என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. எதைக் கற்பது? பொருள் தெரியாமல் பாடத்தை நான்கு வருடம் பார்த்து எழுத வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தானாகக் குளிப்பது, பசித்தால் கேட்பது, ஐம்பது ரூபாய் கொடுத்து மீதி வாங்குவது, பேருந்தில் இறங்கும் இடம் அறிவது, இவையும் பாடம்தான். சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து எல்லாப் பட்டனையும் நீங்கள் போட்டுவிட்டு, கடைசி ஒன்றை மட்டும் அவனிடம் விடுங்கள். அது கைவந்ததும் கடைசி இரண்டு. இப்படிப் பின்னாலிருந்து வந்தால், தினமும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான். மகளுக்கு, உள்ளாடையில் பேட் வைக்கும் இடத்தைச் சிவப்பு நூலால் தைத்துக் காட்டலாம். மாதவிலக்கு இல்லாத நாட்களில் ஒத்திகை பார்க்க வேண்டும். வலியும் எரிச்சலுமான நாளில் எதுவும் மண்டையில் ஏறாது.

இந்த வயதில்தான் யாராவது காதில் ஓதுவார்கள்: "கர்ப்பப்பையை எடுத்துட்டா தொல்லை விட்டுது." மாதவிலக்கைச் சமாளிக்க முடியாது என்பதற்காக உறுப்பை எடுப்பது மருத்துவம் ஆகாது. அவளுடைய சம்மதம், அதுவும் விவரம் புரிந்து தரும் சம்மதம் இல்லாமல் கருத்தரிக்கும் திறனைப் பறிக்கும் சிகிச்சை எதையும் செய்யக்கூடாது என்கிறது அதே 2016 சட்டம். அத்தோடு, கர்ப்பப்பையை எடுப்பதால் பாலியல் அத்துமீறல் நிற்காது, தடயம்தான் மறையும்.

அத்துமீறுபவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார். குளிப்பாட்ட யார் யார் உதவலாம் என்று பெயர் சொல்லிப் பழக்குங்கள். பதினைந்து வயதுப் பையன் எல்லாரையும் கட்டிப்பிடித்தால் ரசிக்காதீர்கள், கைகூப்பக் கற்றுக்கொடுங்கள். ஏதேனும் நடந்துவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம். பிள்ளையால் பேச முடியாது என்று காவல் நிலையம் தட்டிக்கழிக்க முடியாது. வாக்குமூலம் பெறச் சிறப்பு ஆசிரியரின் உதவியைப் பெற 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்திலேயே வழி இருக்கிறது.

இன்னொன்று, பலர் வங்கி வாசலில்தான் தெரிந்துகொள்கிறார்கள்: 18 முடிந்தால் பெற்றோர் தாமாகவே சட்டப்பூர்வப் பாதுகாவலர் இல்லை. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேவையான காகிதங்களைப் பதினேழு வயதிலேயே சேர்த்து வையுங்கள்.