மை தீட்டிய கண்

ஐப்பசி மழை விட்ட ராத்திரியில், திருப்போரூர் கந்தசாமி கோயில் குளத்துப் பக்கம் தெருவிளக்கடியில் நின்று பாருங்கள். ஈசல் கொட்டும். அதைத் தின்னச் சொறித்தவளைகள் வந்து உட்கார்ந்திருக்கும். தேரை என்றும் சொல்வோம். அருவருப்பை ஒதுக்கிவிட்டு ஒன்றின் முகத்தை மட்டும் கவனியுங்கள். கிடைமட்டமாக நீண்ட கண்மணி, அதைச் சுற்றிச் செம்பொன் வளையம், அதற்கும் மேலே கறுப்பு வரம்பு. யாரோ உட்காரவைத்து மை தீட்டிவிட்ட மாதிரி இருக்கும்.

ஈசல் வாய்க்குள் போனதும் இரண்டு கண்ணும் மூடித் தலைக்குள் அமிழ்கின்றன. ருசியில் சொக்கிப்போய் அல்ல. தேரையின் கண்குழிக்கு அடியில் எலும்புத் தளம் கிடையாது. கண்ணுருண்டைக்கும் வாயின் மேலண்ணத்துக்கும் நடுவே மெல்லிய தசையும் சவ்வும்தான். கண் கீழே இறங்கி, இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகிறது.

இந்தக் கண்ணுக்கு அசையாத பூச்சி இரையே அல்ல. ஜெர்மனியில் யோர்க்-பீட்டர் எவர்ட் என்ற ஆய்வாளர் தேரைகளுக்கு முன்னால் சிறு பட்டைகளை நகர்த்திக் காட்டினார். பட்டை நீளவாக்கில் புழுப்போல ஊர்ந்தால் தேரை பாயத் திரும்பியது. அதே பட்டை நிமிர்ந்து நின்றபடி நகர்ந்தால் சட்டை செய்யவில்லை.

கிழக்கே கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் 1976இல் ராமுலஸ் விட்டேகர் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. அதனால் முதலைக்கும் ஆமைக்கும் வைத்தியம் உண்டு என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. தேரைக்குக் கண் பரிசோதனை என்றால்தான் புருவம் உயர்கிறது. உயிரியல் பூங்காக்களில் அது நிஜமாகவே நடக்கிறது.

நல்ல மருத்துவர் முதலில் தொடுவதே இல்லை. தேரை அதன் இடத்திலேயே இருக்க, ஒரு பூச்சியை வலப்பக்கம் ஓடவிட்டுப் பார்ப்பார்; பிறகு இடப்பக்கம். ஒரு பக்கத்தை மட்டும் தேரை கண்டுகொள்ளாவிட்டால் அந்தக் கண்ணின்மேல் சந்தேகம் விழும். அப்புறம்தான் கையில் எடுப்பார், பவுடர் இல்லாத ஈரக் கையுறையோடு. தேரையின் தோலுக்கும் அது நல்லது, அவருக்கும் நல்லது. தேரையின் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியின் பால் நம் கண்ணில் பட்டால் எரித்துவிடும். ஈரப்பஞ்சால் இமையைத் தொட்டால் கண் சட்டென்று உள்ளே போக வேண்டும். வாயையும் திறந்து பார்ப்பார். எலும்புத் தளம் இல்லாததால், கண்ணுக்குப் பின்னால் கட்டியோ சீழோ இருந்தால் மேலண்ணம் புடைத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது ஸ்லிட் லேம்ப். நம் கண் மருத்துவமனைகளில் தாடையை வைத்து உட்காரச் சொல்வார்களே, அதன் கையடக்க வடிவம். கத்திமுனை போன்ற ஒளிக்கீற்று கண்ணைக் குறுக்காக வெட்டிக் காட்டும். வெண்மை லென்ஸில் தெரிந்தால் புரை. மேலே கண்ணின் முன்படலமான கார்னியாவில் இருந்தால் கதை வேறு. கூண்டில் வளரும் தவளைகளுக்கு, குறிப்பாகக் கியூபா மரத்தவளைக்கு, அங்கே கொழுப்புப் படிவதுண்டு. சுண்டெலி போன்ற கொழுத்த தீனி அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கீறல் இருக்கிறதா என்று பார்க்க ஃப்ளூரசின் சாயம் ஒரு சொட்டு. கீறிய இடம் நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும்.

கண் கோளாறு என்று நினைத்தது கண்ணே அல்லாமலும் போகலாம். அமெரிக்காவின் வயோமிங் தேரை அழிவின் விளிம்புக்குப் போய், கூண்டுகளில் வளர்த்துக் காப்பாற்றப்பட்டு வரும் இனம். அப்படி வளர்ந்தவற்றில் சில, பூச்சியைச் சரியாகக் குறிபார்த்தும் பிடிக்க முடியாமல் தவித்தன. பார்வை மங்கிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். குறை நாக்கில் இருந்தது. வைட்டமின் ஏ போதாமல், பசை சுரக்கும் நாக்கின் மேல்தோல் தடித்து வறண்டுபோயிருந்தது, பூச்சி ஒட்டவில்லை. இதே குறைபாடு இமைகளையும் வீங்கவைக்கும். தீனியாகப் போடும் பண்ணைச் சிள்வண்டில் இந்தச் சத்து மிகக் குறைவு. குளத்தங்கரைத் தேரைக்குக் கிடைக்கும் பத்து வகைப் பூச்சி கண்ணாடித் தொட்டிக்குள் கிடைப்பதில்லை. அதனால்தான் கண்ணைப் பார்க்க வந்தவர் தீனியைப் பற்றி அத்தனை கேள்வி கேட்கிறார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் கண் சொட்டு மருந்தைத் தேரைக்கு விட்டுவிடாதீர்கள். தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. கண்ணிலிருந்து வழியும் சொட்டு தோல் வழியே உடம்பு முழுக்கப் போய்விடும். மருந்து எழுதுமுன் மருத்துவர் தேரையைத் தராசில் வைத்து எத்தனை கிராம் என்று பார்ப்பது இதற்காகத்தான்.