ஆடிட்டரிடம் எதை மறைக்கலாம்?

டாக்டரிடம் போனால் கேட்பதற்கு முன்பே நாக்கை நீட்டுகிறோம். வக்கீலிடம் போனால் நடந்ததையெல்லாம் கொட்டிவிடுகிறோம். ஆடிட்டரிடம் போகும்போது மட்டும் நம்மில் பலருக்கு வாய் ஒட்டிக்கொள்கிறது! அவர் நம்மைச் சேர்ந்தவரா, வருமான வரி இலாகாவின் ஒற்றரா என்று ஒரு சந்தேகம்.

ஜூலை மாதக் கடைசியில் ஏதாவது ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எத்தனை விதமான கட்சிக்காரர்கள்!

முதலில் வருகிறவர் பைக்காரர். வருஷம் முழுவதும் சேர்ந்த காகிதங்களை ஜவுளிக்கடைப் பையில் திணித்துக் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்ப்பார். மளிகைச் சீட்டுகூட அதில் இருக்கும். வேண்டிய வங்கிக் கணக்கு மட்டும் இருக்காது. அடுத்தவர் அவசரக்காரர். கெடு முடிவதற்கு முதல் நாள் இரவுதான் இவருக்கு ஆடிட்டரின் ஞாபகம் வரும். மூன்றாமவர், "வரியே இல்லாமல் பார்த்துச் செய்யுங்கள், ஸார்!" என்பவர். ஆடிட்டர் என்றால் மந்திரவாதி என்று நினைப்பு! நான்காமவரோ, "கம்ப்யூட்டர்தானே கணக்குப் போடுகிறது, இதற்கு இவ்வளவு பீஸா?" என்று கத்தரிக்காய் பேரம் பேசுவார்.

இவர்களைச் சிரித்துச் சமாளித்துவிடலாம். ஆடிட்டரைத் திண்டாட வைப்பவர் ஐந்தாமவர்தான்: மறைப்பவர்.

வெளியே சொல்லிவிடுவாரா?

பயமே வேண்டாம். 1949-ஆம் வருஷத்துச் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் சட்டப்படி, கட்சிக்காரரின் சம்மதமில்லாமல் அவருடைய விஷயத்தைப் பிறரிடம் சொல்வது தொழில் ஒழுங்கீனம். சட்டமே சொல்லச் சொன்னால்தான் விலக்கு.

இலாகாவுக்கோ நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டெபாசிட் வட்டி, டிவிடெண்டு, பங்கு விற்பனை எல்லாவற்றையும் காட்டும் ஆண்டுத் தகவல் அறிக்கை ஒன்று 2021 நவம்பரில் அதன் இணைய தளத்தில் வந்துவிட்டது. ஆக, நமக்கு உதவ வந்தவர் ஒருவரிடம்தான் மறைக்கிறோம்!

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை

பல வீடுகளில் ஆடிட்டர் என்றால் "அவருடைய ஆடிட்டர்"தான். "இங்கே ஒரு கையெழுத்துப் போடு", "போனில் வந்த நம்பரைச் சொல்லு" என்பதோடு மனைவியின் வேலை முடிந்தது. ஆனால் உங்கள் பெயரில் போகும் கணக்குக்குப் பொறுப்பு உங்களுடையது அல்லவா?

கணவர் ஐந்து லட்சம் ரூபாயை மனைவிக்கு அன்பளிப்பாகக் கொடுத்து, அவள் பெயரில் டெபாசிட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்பளிப்புக்கு வரியில்லை. வட்டியோ கணவருடைய வருமானத்தோடு சேர்ந்துவிடும். அதே தொகை தாய்வீட்டுச் சீதனமாகவோ, உங்கள் சம்பளத்து மிச்சமாகவோ இருந்தால் வட்டி உங்களுடையது. எந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் வாய் திறந்து சொன்னால்தானே ஆடிட்டருக்குத் தெரியும்? வங்கி வட்டியில் பத்து சதவிகிதம் பிடித்திருந்து, உங்கள் வருமானத்துக்கு வரியே கிடையாது என்றால், கணக்குக் கொடுத்துப் பிடித்ததைத் திரும்பப் பெறலாம். கேட்காமல் விட்டால் நஷ்டம் யாருக்கு?

இன்னொன்றும் உண்டு. சொல்லக் கசப்பாகத்தான் இருக்கிறது. கணவர் காலமாகிவிட்டால், அவருடைய கடைசிக் கணக்கைக் கொடுக்க வேண்டியவர் அவருடைய வாரிசு. துக்கம் கேட்க வந்தவர்கள் புறப்பட்டுப் போன பிறகு, எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கலங்கி நிற்கும் பெண்கள் எத்தனை பேர்! ஆடிட்டரை முன்பே பார்த்துப் பேசியிருந்தால், அந்த வேளையில் அவர் அந்நியராக இருக்க மாட்டார்.

கணக்கு வழக்கு பெண்களுக்கு எதற்கு என்கிறீர்களா? இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டரான ஆர். சிவபோகம் நம் சென்னைக்காரர்! 1907-இல் பிறந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1955 முதல் 1958 வரை ஆடிட்டர்கள் கழகத்தின் தென்னிந்தியப் பிராந்தியக் குழுவுக்கே தலைமை வகித்தவர்.

ஆகவே, ஜூலை வரை காத்திராமல் ஏப்ரலிலேயே கணவருடன் நீங்களும் ஒரு நடை போய் வாருங்கள். டெபாசிட், கடன், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். பீஸ் என்ன என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்; ஒரு பிரதியை வீட்டுப் பீரோவில் வையுங்கள்.

ஆடிட்டரிடம் எதையாவது மறைத்தே தீர வேண்டும் என்றால், உங்கள் வத்தக்குழம்பின் பக்குவத்தை மறைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வரி கிடையாது!