செல்ஃப் சுத்துது, வண்டி எடுக்கல!

ராத்திரி முழுக்க மழை. காலையில் அஸ்தினாபுரத்திலிருந்து குரோம்பேட்டைக்குக் கிளம்பணும். செல்ஃப் நல்லா சுத்துது, இன்ஜின் மட்டும் பிடிக்கவே மாட்டேங்குது. பட்டனை விடாமல் அமுக்கினால் பேட்டரிதான் காலியாகும்.

முதலில் ஒரு விஷயம் பாருங்க: வண்டி எவ்வளவு தண்ணியில் நின்னுச்சு? ஏர் ஃபில்டர் வரை ஏறியிருந்தால் செல்ஃப், கிக்கர் எதையும் தொடாதீங்க. பிஸ்டன் காற்றை அமுக்கும்; தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளைஞ்சிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. அப்படி மூழ்கின வண்டியை 'சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்' என்பதுதான் பெரிய செலவு. இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணி உள்ளே போயிருக்கு. தள்ளிக்கிட்டே மெக்கானிக்கிட்ட போங்க.

வெறும் மழையில் நனைந்ததுதானா? அப்போ கில் ஸ்விட்சைப் பாருங்க. சிரிக்காதீங்க, சில வண்டிகளில் அது ஆஃபில் இருந்தாலும் செல்ஃப் சுத்தும், ஸ்பார்க் மட்டும் வராது.

அடுத்து பிளக் கேப். இக்னிஷன் காயில் பிளக்குக்கு அனுப்புவது பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல். அவ்வளவு வோல்டேஜ் சுலபமான வழியைத்தான் தேடும். கேப் ஈரமாகவோ விரிசல் விட்டோ இருந்தால், பிளக் முனையைத் தாண்டாமல் பாடிக்கே ஓடிடும். சாவியை ஆஃப் பண்ணி, கேப்பை உருவி, உள்ளேயும் வெளியேயும் காய்ந்த துணியால் துடைத்து அழுத்தி மாட்டுங்க. மழைக்கால கோளாறு பெரும்பாலும் இதோடு தீரும்.

தீரலையா? பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்க. காய்ஞ்சிருந்தால் பெட்ரோல் வரல. பெட்ரோலில் நனைஞ்சிருந்தால் ஸ்பார்க் இல்லை, அல்லது ஓவர்ஃப்ளோ. ஸ்பார்க்கைச் சோதிக்க, பிளக்கை கேப்பில் மாட்டி, அதன் மரை இன்ஜின் உலோகத்தைத் தொடும்படி வைத்து ஒரு நொடி செல்ஃப் அடிங்க. 'டிக் டிக்'னு நீலமா வந்தால் சரி. மஞ்சளா மங்கலா வந்தால் முதலில் புது பிளக் போட்டுப் பாருங்க. பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், அதனால் பிளக்கை அதுக்குத் தள்ளி வைங்க. எஃப்.ஐ. வண்டி என்றால் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிய பிறகே இதைச் செய்யணும். பிளக்கைக் கையால் பிடிக்காதீங்க, ஷாக் அடிக்கும். பிளக் இல்லாமல் கேப்பைத் தொங்கவிட்டு செல்ஃப் அடித்தால் காயிலே போயிடலாம்.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6-க்குப் பிறகு பெரும்பாலான வண்டிகள் எஃப்.ஐ. சாவி போட்டதும் டேங்க் பக்கம் இரண்டு, மூணு நொடி 'ம்ம்ம்'னு பம்ப் சத்தம் கேட்கணும். கேட்கலைன்னா ஃபியூஸைப் பாருங்க. இதில் பலரும் ஏமாறுவது பேட்டரியில்தான். செல்ஃப் சுத்துதே, பேட்டரி நல்லாத்தானே இருக்குன்னு தோணும். ஆனால் செல்ஃப் மோட்டார் கரண்ட்டை இழுக்கும்போது வோல்டேஜ் இறங்கி, இ.சி.யு.வுக்குப் போதாமல் போகலாம். லேபில் பார்த்த மல்டிமீட்டர்தான்: சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் காட்டணும், செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே போனால் பேட்டரி மேல் சந்தேகப்படுங்க. கிக்கர் இருந்தால் உதைச்சுப் பாருங்க.

ஸ்பார்க்கும் பெட்ரோலும் இருந்தும் எடுக்கலைன்னா கம்ப்ரஷன் பார்க்கணும், அது மெக்கானிக் வேலை. அவர்கிட்ட 'வண்டி எடுக்கல'ன்னு மட்டும் சொல்லாதீங்க. 'பிளக் ஈரமா இருக்கு, ஸ்பார்க் நீலமா வருதுண்ணே'ன்னு சொல்லுங்க.