நிற்கவும் வேண்டுமே!

மொறிஸ் மைனர் கார் வைத்திருக்கும் அன்பர் எவரையேனும் கண்டால், அவர் முதலிற் சொல்லுவது எஞ்சினின் பெருமையைத்தான். 1990களின் போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்திற்குப் பெட்றோல் வராதிருந்த நாள்களிலே மண்ணெண்ணெயில் ஓடிய கார் அல்லவா என்பார். உண்மைதான். என் தகப்பனார் வாங்கிய 1958ஆம் ஆண்டுக் காரும் அவ்வாறே ஓடியது. ஆனால் ஓடிய கதையைச் சொல்லுகிறவர்கள் நின்ற கதையைச் சொல்லுவதில்லை. நான் சொல்லப் புகுவது அதனையே.

குடாநாட்டில் அக்கதைக்கு அவசியமும் இல்லை. மலை என்பதையே அறியாத தரை. முப்பது மைல் வேகம் அங்கே தாராளம். என் மகள் கண்டியிற் குடியேறிய பின்னர், இக்காரிலேயே சென்று அவளையும் பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா பார்த்துவருவது என்று தீர்மானித்தேன். நுவரெலியாவோ ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் இருப்பது. அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வளைவுகளை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் முதிய மெக்கானிக் செய்தியைக் கேட்டுவிட்டு, “தம்பி, இது ஏறுமோ எண்டு எனக்குப் பயமில்லை, இறங்கேக்கை நிக்குமோ எண்டுதான் பயம்” என்றார்.

அவர் பயத்திற்குக் காரணம் உண்டு. வேகம் இரட்டித்தால் காரை நிறுத்துதற்கு அடக்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகின்றது. அச்சக்தி முழுவதும் பிறேக்கிலே வெப்பமாக மாறவேண்டும். என் காரின் நான்கு சில்லுகளிலும் இருந்தவை 7 அங்குல விட்டமுள்ள இரும்பு டிறம்கள். உள்ளே இரண்டு பிறை வடிவான ஷூக்கள் விரிந்து டிறத்தை உரசும். சூடேறினால் டிறம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் பிடியும் தளரும். அப்போது மிதி கடினமாகவே இருக்கும், கார் மட்டும் நில்லாது. மற்றொரு கேடும் உண்டு. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டொட் 4 ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியசிலேதான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரமேறியபின் 155 பாகையே போதும். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். மிதி தரைவரை தாழும்.

டிஸ்க் பிறேக்கில் இரும்புத் தட்டு வெளியே காற்றுப்படச் சுழலுகின்றது. சூட்டில் விரிந்தாலும் பட்டையை நோக்கியே விரியும். 1953இல் லே மான் ஓட்டப்பந்தயத்தில் ஜகுவார் கார்கள் வென்றமைக்கு இந்த டிஸ்க்குகளும் ஒரு காரணம். ஆயினும் டிறத்தைக் கழற்றிவிட்டு டிஸ்க்கை மாட்டினால் காரியம் முடிந்தது என்று எண்ணுவது தவறு. டிறத்தின் சுழற்சியே ஷூவை மேலும் இழுத்து அழுத்தும். டிஸ்க்கிற்கு அவ்வுதவி கிடையாது. ஆகவே காலால் மிதிக்கும் பலம் கூடுதலாக வேண்டும், அல்லது சேர்வோ ஒன்று துணைநிற்க வேண்டும். அன்றியும், டிறத்திற்கென அமைந்த பழைய மாஸ்ரர் சிலிண்டரில், குழாயினுள் சிறிது அழுத்தத்தை எப்போதும் தேக்கிவைக்கும் ஒரு வால்வு இருக்கின்றது. டிஸ்க்கோடு அது சேர்ந்தால் பட்டைகள் விடாமல் உரசிக்கொண்டேயிருக்கும்.

அந்த மாஸ்ரர் சிலிண்டர் இருக்கும் இடமோ வேடிக்கையானது! சாரதியின் காலடியில், சட்டத்தினுள்ளே புதைந்திருக்கும். ஒயில் ஊற்றக் கம்பளத்தைத் தூக்கவேண்டும். அதைக் கழற்றுதற்கு முன்சில்லின் முறுக்குக் கம்பியையே விலக்கவேண்டும். இக்காரை வகுத்த இசிகோனிஸ் பெரிய மேதைதான். ஆனால் இதனை மெக்கானிக்குகள் மன்னிக்கமாட்டார்கள். இதனிலும் பெருங்குறை, நான்கு சில்லுகளுக்கும் ஒரே ஒயில் வழி என்பது. ஒரு றப்பர் குழாய் வெடித்தால் நான்கும் போயின. பின் எஞ்சுவது கைப்பிறேக் மாத்திரமே.

மலிவான வழி ஒன்றும் இருந்தது. 1962க்குப் பின் வந்த 1098 சி.சி. மைனரின் 8 அங்குல முன் டிறம்கள் என் காருக்குப் பொருந்தும். ஒரு நண்பர் அதனையே செய்யச் சொன்னார். காரின் பழமை கெடாதாம். நான் பழமையை விரும்புகிறவனே. ஆனால் பின்னாசனத்தில் இருக்கப்போவது பேரப்பிள்ளைகள். முன்சில்லுகளுக்கு டிஸ்க்கும் சேர்வோவும், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழியுள்ள மாஸ்ரர் சிலிண்டரும் இங்கிலாந்திலிருந்து தருவித்தேன். இரண்டில் ஒன்றுக்கே பணம் இருந்திருப்பின், இரட்டை வழிச் சிலிண்டரையே வாங்கியிருப்பேன். பின்சில்லுகளில் டிறமே இருக்கின்றது; கைப்பிறேக்கும் அதனோடுதான். நிறுத்தும்போது பாரம் முன்னே சாய்வதால் பின்பக்கத்திற்கு அதுவே போதும். அங்கே பலம் மிகுந்தால் பின்சில்லு இறுகி வழுக்கும்.

பழைய டிறத்தைத் திறந்தபோது மெக்கானிக்கின் பையன் உள்ளிருந்த தூளை வாயால் ஊதப்போனான். தடுத்துவிட்டேன். அக்கால லைனிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் உண்டு. அத்தூள் நுரையீரலைக் கெடுப்பது. ஈரத்துணியால் துடைப்பித்தோம்.

றம்பொடையில் இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வந்தேன். டிஸ்க் இருந்தாலும் மலையில் எஞ்சினே முதற் பிறேக். தேயிலைத் தோட்டத்து வளைவொன்றில் லொறியொன்று குறுக்கே திரும்பி நின்றது. மிதித்தேன், கார் நேராக நின்றது. பிள்ளைகள் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒன்றையும் கவனிக்கவில்லை.

கழற்றிய டிறம்களையும் சிலிண்டரையும் கிறீஸ் பூசிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எனக்குப் பின் காரை வைத்திருப்பவர் விரும்பினால் அவற்றை மீண்டும் பூட்டிக்கொள்ளலாம். அவர் மலைப்பக்கம் போகாதிருந்தாற் சரி.