வெட்டரிவாள் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நாலடி நடக்கவிட்டுப் பார்க்கிறோம். விதை நெல் என்றால் ஒரு பிடி எடுத்து முளைகட்டிப் பார்க்கிறோம். வெட்டரிவாள் வாங்கும்போது மட்டும், சந்தையில் பளபளப்பாக இருப்பதைக் கையில் எடுத்து, இரண்டு முறை காற்றில் வீசிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். பத்து நாளில் வாய் மடங்கிவிடுகிறது. இல்லாவிட்டால் கருவேல முண்டில் ஓங்கி வெட்டும்போது வாய் பல் பல்லாக உதிர்கிறது. தெறித்த சில்லு கண்ணில் பட்டால் கண் போய்விடும். தென்னை உச்சியில் இருப்பவர் கையில் பிடி கழன்று அலகு பறந்தால், கீழே மட்டை பொறுக்குபவர் கதி என்ன? கூலியும் போய் வைத்தியச் செலவும் சேர்ந்தால் சிறு விவசாயி அதிலிருந்து எழுந்திருக்க ஒரு போகம் ஆகும்.

வெட்டரிவாள் என்று இங்கே சொல்வது கதிர் அறுக்கும் கருக்கரிவாளை அல்ல. முள் வெட்ட, வேலி கட்ட, மட்டை கழிக்க, விறகு தறிக்க என்று தோட்டத்தில் எதற்கெடுத்தாலும் கைக்கு வருகிற கனத்த அரிவாளைத்தான். கொங்குச் சீமையில் கொடுவாள் என்பார்கள். குமரி மாவட்டத்தில் வெட்டுக்கத்தி என்பார்கள். மூக்கின் வளைவு ஊருக்கு ஊர் மாறும். தரம் பார்க்கும் விதம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

இரும்பு எது, எஃகு எது?

கட்டடக் கம்பி, தகடு, பட்டை ஆகியவை பெரும்பாலும் மெதுவான இரும்பு. அதில் கரிச் சத்து குறைவு. எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் அது வெட்டுவதற்கு வேண்டிய உறுதி பெறாது. நம் ஊர்ப் பட்டறைகளில் நல்ல அரிவாளுக்கு எடுப்பது லாரி ஸ்பிரிங் பட்டை. அதில் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல் கரி சேர்ந்திருக்கும். தோய்த்தால் உறுதியாகும், அதிர்ச்சியையும் தாங்கும். வெட்டரிவாளுக்கு இதைவிட வாகான உருப்படி சுலபத்தில் கிடைக்காது.

ஆனால் ஸ்பிரிங் பட்டை என்றால் எல்லாம் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. பல வருஷம் பாரம் சுமந்து ஓடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். அதிலும் நடு போல்ட் துளையை ஒட்டிய பகுதிதான் முதலில் விடும். ஆகவே துளைக்குப் பக்கத்துத் துண்டு வேண்டாம், ஓரத் துண்டில் அடித்துக் கொடுங்கள் என்று கொல்லரிடம் சொல்லிவிடுவது நலம். தண்டவாளத் துண்டில் அடித்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். திருட்டு ரயில்வே சாமான் கையில் இருந்தாலே 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சகவாசமே வேண்டாம்.

கடையில் விற்கும் துருப்பிடிக்காத எவர்சில்வர்க் கத்திகள் சமையலறைக்குச் சரி. முள் வெட்டுக்கு அவை பெரும்பாலும் மெல்லியவை. சாதாரண அரத்தில் தீட்டவும் சண்டி செய்யும். துரு பிடிக்கும் எஃகுதான் நமக்கு உகந்தது. துடைத்து எண்ணெய் போட்டால் துரு ஏறாது.

உயிர் தோய்ச்சலில் இருக்கிறது

ஒரே பட்டையில் அடித்த இரண்டு அரிவாள்களில் ஒன்று பத்து வருஷம் உழைக்கும், மற்றது பத்து நாளில் பல் விடும். இதற்குக் காரணம் தோய்ச்சல். அடித்து முடித்த அலகை உலையில் காய்ச்சுகிறார்கள். சுமார் 770 டிகிரி சூட்டில் எஃகு காந்தத்தில் ஒட்டுவதை விட்டுவிடும். அதற்கும் சற்று மேலே போனதும் எடுத்துத் தோய்க்க வேண்டும். அந்தச் சிவப்பின் பக்குவம் வெயிலில் தெரியாது. கொல்லுப்பட்டறை எப்போதும் இருட்டாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சோம்பேறித்தனம் அல்ல, நிறம் பார்ப்பதற்காகத்தான்.

ஸ்பிரிங் பட்டையை எண்ணெயில் தோய்ப்பது உத்தமம். தண்ணீரில் தோய்த்தால் சட்டென்று குளிர்ந்து வாயில் மயிரிழை விரிசல் விழுவதுண்டு. தோய்த்து எடுத்த அலகு கண்ணாடி மாதிரி: உறுதி உண்டு, ஓங்கி அடித்தால் உடைந்துவிடும். எனவே மறுபடி மிதமாகக் காய்ச்சி அந்த முரட்டு உறுதியைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். தேய்த்து வெளுப்பாக்கிய இடத்தில் நிறம் ஓடி வருவதைக் கொண்டு இதை அளப்பார்கள். வைக்கோல் மஞ்சள் என்றால் ஏறத்தாழ 220, 230 டிகிரி; இது சவரக்கத்திப் பதம். கத்தரிப்பூ நிறம் 280 டிகிரியை ஒட்டி வரும். முழு நீலம் 300. முண்டும் முள்ளும் வெட்டுகிற அரிவாளின் வாய் கத்தரிப்பூ நிறத்தில் நிற்க வேண்டும். முதுகு நீலம் வரை போனாலும் பாதகமில்லை, இன்னும் நல்லதுதான்.

அவசரக் கூட்டத்தில் இந்த இரண்டாவது சூட்டைத்தான் விட்டுவிடுகிறார்கள். திருவிழாச் சந்தைக்காக நூறு உருப்படி அடிக்கிற நாளில் வாங்குவதைவிட, வேலை குறைந்த நாளில் தெரிந்த கொல்லரிடம் சொல்லி அடித்து வாங்குங்கள். சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் வந்ததற்கும் அங்குள்ள கொல்லர்களின் கைப்பக்குவமே காரணம். அந்தப் பெயரைச் சொல்லிச் சந்தையில் விற்பதெல்லாம் அந்த ஊர்ச் சரக்கு அல்ல என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

பணம் கொடுக்குமுன் சோதனை

ஒரு அரத்தைக் கொண்டு வாயில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் தோய்ச்சல் போதாது. வழுக்கிக்கொண்டு போனால் முறுக்கு மிஞ்சிவிட்டது, உதிரும். அரம் தயங்கித் தயங்கிப் பிடிக்க வேண்டும்.

அடுத்து, காய்ந்த கருவேலம் அல்லது புளிய முண்டில் நாலைந்து வெட்டு, கணுவில் படும்படியாக. பிறகு வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மடங்கிய இடம் மின்னும். உதிர்ந்த இடம் பள்ளமாகத் தெரியும். இரண்டும் இல்லையென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. வெட்டிப் பார்க்க விடமாட்டேன் என்கிற வியாபாரியிடம் வாங்காமல் வருவதே மேல்.

விரிசல் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. அலகில் மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து பொடியில் கோடு போட்டுக் காட்டும். பிடி போடாத அலகை நூலில் தொங்கவிட்டுத் தட்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும். பொத்தென்று கேட்டால் சந்தேகப்பட வேண்டும்.

பிடியும் எடையும்

பிடிக்குள் போகும் வால் பகுதி குறைந்தது பிடியின் பாதி நீளத்துக்காவது இருக்க வேண்டும். இரண்டு அங்குல வாலைச் செருகி மேலே பூண் மாட்டி மறைத்து விற்கிறார்கள். வால் மறுமுனை வரை வந்து மடக்கி அடித்திருந்தாலோ, குறுக்கே ஆணி அடித்து இறுக்கியிருந்தாலோ கழன்று பறக்காது. பிடி முட்டை வடிவில் இருக்கட்டும். உருண்டையான பிடி வேர்த்த கையில் திரும்பிவிடும். கருவேலங்கட்டை நன்றாகக் காய்ந்ததாக இருந்தால் போதும். வார்னிஷ் அடித்த பிடி கை கொப்பளிக்கச் செய்யும். அதைச் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பது நல்லது.

மழைக்காலத்தில் இறுகியிருந்த பிடி சித்திரை வெயிலில் ஆடும். உடனே தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறோம். அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாகத் தளரும். பிடியைக் கழற்றி அரக்கு உருக்கி ஊற்றி வாலைச் செருகுவதே நிலையான பரிகாரம். அப்போது வாலை மட்டும் சூடாக்க வேண்டும். அலகில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொள்ளுங்கள். பழைய பிடியை எரித்து எடுக்க அரிவாளை அடுப்பில் போடுகிறவர்கள் தோய்ச்சலையும் சேர்த்து எரித்துவிடுகிறார்கள்.

எடை விஷயத்தில் வீராப்பு வேண்டாம். ஒரே அரிவாள்தான் வாங்க முடியும் என்றால், மூக்கு வளைந்த, முக்கால் கிலோவுக்கு மேற்படாத, முதுகு 5 மில்லிமீட்டர் கனமுள்ளதை எடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். வளைந்த மூக்கு கிளையை வழுக்கவிடாமல் பிடிக்கும். வெட்டிய முள்ளை இழுத்துப் போடவும் உதவும். சீமைக்கருவேல் அழிக்க இறங்குபவர்களுக்கு நீண்ட பிடி வேண்டும், முள் கைக்கு எட்டாமல் இருக்க. கரும்பு வெட்டுக்கு அலகு மெல்லியதாக இருக்க வேண்டும். வீட்டில் முள்ளும் தழையும் வெட்டுவதில் பாதி வேலை பெண்கள் செய்வது. ஆண் கைக்கு எடை பார்த்து வாங்கிய அரிவாளை அவர்கள் நாள் முழுக்க வீசித் தோள்வலியோடு படுக்கிறார்கள். அரைக் கிலோவில் இன்னொன்று அடித்துக் கொடுப்பது பெரிய செலவல்ல.

தீட்டும்போது

பஸ் நிலையத்துச் சாணைச் சக்கரத்தில் பொறி பறக்கப் பிடித்தால் கூர் வரும். ஆனால் வாயில் நீலம் ஓடினால் அந்த இடம் பதம் கெட்டு மெதுவாகிவிட்டது என்று அர்த்தம். கை தாங்கும் சூட்டுக்குமேல் போகாமல் அடிக்கடி தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். அதைவிடத் தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கல்லில் பத்து இழுப்பு இழுப்பது மேல். முண்டு வெட்டுகிற வாயைச் சவரக்கத்தி போல் மெல்லியதாக்க வேண்டாம். வாழைச் சாறும் இளநீரும் பட்டால் துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள்.

வெளியூரில் வாங்கினால் சாக்கில் சுற்றிக் கட்டி எடுத்து வாருங்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்த கருவிகளை ஆயுதக் கணக்கில் சேர்க்கவில்லை. இருந்தாலும் 2021 செப்டம்பரில், அரிவாள் வாங்குவோரின் பெயர், விலாசம் ஆகியவற்றைக் குறித்து வைக்கும்படி தமிழகக் காவல்துறை பட்டறைக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. கொல்லர் விலாசம் கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் சொல்லிவிடுங்கள். அதே நோட்டில், எந்தத் துண்டில் அடித்தது, எண்ணெயில் தோய்த்ததா என்பதையும் எழுதி வைக்கச் சொல்லலாம். அடுத்த அரிவாள் அடிக்கும்போது அது பயன்படும்.