பழம்படமும் பயிற்சி விமானமும்

பல்லடத்திற்கு மேற்கே சூலூரில் இரண்டாம் உலகப் பெரும்போரின்போது பிரிட்டிஷ் கடற்படையார்க்கு விமானத்தளம் ஒன்று இருந்தது. ஆகலின், இவ்வட்டாரத்து இல்லமொன்றில் விமானத்தின் அருகே இளைஞர் ஒருவர் நிற்கும் பழம்படம் காணின், ‘சூலூரிற் போர்க்காலத்து எடுத்தது’ என்று கூறிவிடுதல் எளிது. அதற்குச் சான்று யாது? பாட்டின் காலத்தை அகச்சான்று, புறச்சான்றுகளால் துணிதல் போலவே படத்தையும் ஆராய்தல் வேண்டும்.

முதற்கண் உருவமைப்பை நோக்குவோம். இறக்கைகள் மேலும் கீழுமாக இரண்டடுக்காய், திறந்த இருக்கைகள் முன்பின்னாய், மேலிறக்கையின் நடுவே பெட்ரோல் தொட்டி அமைந்திருப்பின், அது 1931-இல் முதன்முதற் பறந்த டைகர் மாத் ஆகலாம். போர்க்காலத்தில் ஹைதராபாத்துப் பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் மாணவர் முதலிற் பறக்கக் கற்றது இதிலேதான். ஒற்றையடுக்கு இறக்கையும், சிலிண்டர்கள் வட்டமாய்ச் சூழ்ந்த பருத்த மூக்கும், நீண்ட கண்ணாடிக் கூண்டும் உடையது ஹார்வர்டு. இது தேர்ந்த மாணவர்க்கு உரியது.

ஒற்றையடுக்கு இறக்கை, மடங்காத கால், ஒடுங்கிய மூக்கு இவை காணின் எச்சரிக்கை வேண்டும். பெங்களூரில் காட்கே என்பார் தலைமையில் உருவாகி, 5-8-1951-இல் முதன்முதற் பறந்த எச்.டி.-2 இத்தகையது. அதுவாயின், படம் போர்க்காலத்ததாதல் இயலாது. ஆனால் போர்க்காலத்து இந்தியாவில் வழங்கிய கார்னெல் என்னும் அமெரிக்க விமானமும் ஏறத்தாழ இவ்வடிவினதே.

இவ்விடத்து வட்டக்குறி துணைபுரியும். ஜப்பானியரின் செஞ்ஞாயிற்றுக் குறியோடு மயங்காதிருத்தற்பொருட்டு, போரின் பிற்பகுதியில் கீழ்த்திசை விமானங்களின் வட்டக்குறியினின்று சிவப்பு நீக்கப்பட்டது. குடியரசு இந்தியாவின் குறியோ வெளியே காவி, இடையே வெண்மை, நடுவே பச்சை. கருப்பு வெள்ளைப் படத்தில் முன்னதன் நடு வெளிறியும், பின்னதன் நடு இருண்டும் தோன்றும். நடு இருண்ட குறி போரின் தொடக்க ஆண்டுகளிலும் உண்டாகலின், குறி ஒன்றே போதாது; உருவமும் குறியும் ஒத்துவரின் துணியலாம்.

இத்துணை ஆராய்ச்சி எற்றுக்கு எனின், பிழைபட்ட ஒரு சொல், பேகம்பேட்டையிற் கற்ற ஒருவரைச் சூலூர்க்கு உரியவராக்கிவிடும். பேரர் அதனையே வரலாறென நம்புவர். விமானத்தின் பெயரை எந்நாளும் ஆராய்ந்து கண்டுகொள்ளலாம். அருகில் நிற்பவர் பெயரை எந்த இறக்கையும் உரையாது. அறிந்த முதியோர் உள்ளபோதே, படத்தின் பின்புறத்தில் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் பென்சிலால் எழுதிவைப்போமாக.